இல்யாஸுக்கு அப்புறம் யார்?

ஜோயல் காலையில் வாயைத் திறந்தால் முதல் வேலையாக நன்றி சொல்வான். அந்த நன்றி முடிவதற்குள் அவன் அக்கா பிளெஸ்ஸி முதல் தோசையை எடுத்துவிட்டு இரண்டாவதைத் திருப்பிப் போட்டிருப்பாள். அவ்வளவு நீளம். அதுவும் கடவுளுக்கு அல்ல, பெற்றவர்களுக்கு அல்ல. எங்கோ உட்கார்ந்து மென்பொருள் எழுதிவிட்டுப் போன, முகம் தெரியாத மனிதர்களுக்கு.

"ஜெபம் முடிஞ்சுதால? சட்னி அரைக்கணும்" என்பாள் பிளெஸ்ஸி. பதிலுக்கெல்லாம் காத்திருக்க மாட்டாள். மிக்ஸியைப் போட்டுவிடுவாள். உலகத்தில் எத்தனையோ எந்திரம் மாறிவிட்டது. மிக்ஸி போடும் சத்தம் மட்டும் மாறவில்லை. அதற்குப் பிறகு ஜோயல் என்ன சொன்னாலும் அது அவனுக்கும் சுவருக்கும் மட்டும்தான்.

பாளையங்கோட்டை வட்டாரத்தில் ஜோயலைத் தெரியாதவர்கள் குறைவு. கபடி வர்ணனையாளன். அவன் மைக்கைப் பிடித்தால் ஆட்டம் பார்க்க வராதவர்கள்கூட வீட்டு வாசலில் நின்று ஆட்டத்தைக் கேட்பார்கள். தோற்கிற அணியைக்கூட ஜெயிக்கப் போகிற மாதிரி பேசியே நிமிர்த்திவிடுவான். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. உயிரைக் காப்பாற்றக் குரல்வளையை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

இப்போது அவன் கழுத்தில் ஒரு பட்டி. அவன் சத்தமில்லாமல் வாயசைத்தால், தசைகளின் அசைவைப் படித்துப் பட்டி பேசும். பேசுவது அவனுடைய பழைய குரலிலேயே. பழைய ஆட்டங்களின் பதிவுகளைச் சேகரித்து அதிலிருந்து அந்தக் குரலை உண்டாக்கினார்கள். பதிவுகளைத் தேடுவதற்குப் பிளெஸ்ஸி கொஞ்சம் அலைந்தாள். அது வேறு கதை.

பட்டியைக் கழற்றி மாட்டினால் கழுத்தோடு அது ஒத்துப்போகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதனால் காலையில் ஏதாவது பேசிப் பழக்குங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். ஜோயல், பட்டிக்குள் ஓடுகிற இலவச மென்பொருள்களின் பெயரையும் எழுதியவர்களின் பெயரையும் சொல்லி நன்றி சொல்வான். பட்டியின் ஒவ்வொரு துண்டும் யாரோ எழுதி, யாருக்கும் சொந்தமில்லை, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுக்களத்தில் வைத்துவிட்டுப் போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நன்றி சொல்ல வைப்பதுதான் பிளெஸ்ஸியின் வேலையே. பாளையங்கோட்டைப் பெயர்சொல்லிக் குழுவுக்கு அவள்தான் பொறுப்பு. ஒவ்வொரு மாசியிலும் சமுதாயக் கூடத்தில் ஆட்களைத் திரட்டி, புதிதாக வந்தவர்களுக்கு அவளே விளக்குவாள்.

"ஒரு பாட்டோ, படமோ, மென்பொருளோ பொதுக்களத்துல இருந்தா யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், தெரியும்லா? ஆனா உயிர்ப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டுட்டாங்க. கேக்க ஆளில்லாத புறம்போக்கு நிலம் மாதிரி இதெல்லாம் கெடக்கு, எங்களுக்குக் குடுத்தா நாங்க பாத்துக்கிடுவோம்னு கம்பெனிக்காரங்க போய் நின்னாங்க. அதுக்குத்தான் இந்தச் சட்டம். வருஷத்துக்கு ஒருக்காவாவது யாராவது ஒரு மனுஷன் அதப் பேர் சொல்லி, நான் இதப் பயன்படுத்தினேன், நன்றின்னு இன்னொரு மனுஷன் முன்னால சொல்லணும். சொல்லலைன்னா, கேக்குற கம்பெனிக்குப் போயிரும். அவ்வளவுதான் சட்டம்."

அதற்குப் பிறகு கூடம் முழுக்க ஒரே நன்றியாக இருக்கும். ஒருவர் ஒரு தாலாட்டின் பெயரைச் சொல்லி நன்றி என்பார். எதிரில் நிற்பவர் "கேட்டேன்" என்பார். இன்னொருவர் பஞ்சாங்கம் கணக்கிடும் பழைய மென்பொருளுக்கு நன்றி சொல்வார், "கேட்டேன்." கடைசியில் சுண்டல். சுண்டலுக்காகவே வருகிறவர்களும் உண்டு. அவர்களையும் விடாமல் பிடித்து ஆளுக்கொரு பெயரைக் கொடுத்துவிடுவாள் பிளெஸ்ஸி.

பங்குனியில் அந்தச் செய்தி வந்தது. பொதுக்கள ஆணையத்தின் அறிவிப்பு, பிளெஸ்ஸியின் கைப்பேசிக்கு. 'அசைவெட்டி' என்ற மென்பொருளை ஓராண்டாக யாரும் பெயர் சொல்லவில்லை. சொந்தகம் என்ற நிறுவனம் உரிமை கோருகிறது. கோரிக்கை வந்த பிறகு பெயர் சொன்னால் செல்லாது; ஆட்சேபம் உள்ளவர்கள் விசாரணைக்கு வரலாம்.

"அசைவெட்டியா? எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே, அது என்னதுல?" என்றாள்.

ஜோயல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை அப்படியே வைத்துவிட்டான். "எக்கா, அது இந்தப் பட்டியில இருக்கு. நான் வாயசைக்கிறது பட்டிக்கு ஒரே கொழகொழன்னுதான் தெரியும். எங்க ஒரு அசை முடியுது, எங்க அடுத்தது தொடங்குதுன்னு வெட்டிக் குடுக்குறது அதுதான். அது இல்லைன்னா பட்டி பேசாது."

"கூட்டத்துல பட்டியோட பேரச் சொன்னோமே. நீதான சொன்ன?"

"பட்டிய சொன்னேன். அசைவெட்டிய தனியா சொல்லணுமான்னு அப்பமே ஒங்கிட்ட கேட்டேன். அது உள்ளதான இருக்கு, சாம்பாருக்கு நன்றி சொன்னா பெருங்காயத்துக்கும் சேத்துதான்னு நீ சொன்ன."

பிளெஸ்ஸிக்கு நினைவு வந்தது. அப்படித்தான் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். நூறு வீட்டில் யாரும் பாடாத பாட்டையெல்லாம் தேடிப் பிடித்துப் பெயர் சொல்ல வைத்தவள், தன் வீட்டில் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரை ஓடிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டாள். தமிழ்நாடு முழுக்க எல்லாக் குழுவும் அதையேதான் செய்திருந்தது. பேருந்து நிலைய அறிவிப்பு, கண் தெரியாத பிள்ளைகளின் வாசிப்புக் கருவி என்று எங்கே பார்த்தாலும் அசைவெட்டிதான். எங்கேயும் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

சொந்தகத்தை அழைத்து விசாரித்தாள். அந்தப் பக்கம் பேசிய பெண் மிகவும் தன்மையாகவே பேசினாள். பழைய பட்டிகள் நின்றுவிடுமாம். கவலைப்பட வேண்டாமாம், நிறுவனத்தின் புதிய பட்டியைத் தருவார்களாம். அதில் ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று. சொந்தக் குரலை அதில் ஏற்ற முடியாதாம். மாதிரிக்கு ஆண் குரலைப் போட்டுக் காட்டினாள். விமானம் தாமதமாகும் என்று அறிவிக்கிற குரல். ஜோயல் அதைக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனான். தம்பி இரண்டாவது தடவை ஊமையாகப் போவது தன்னால்தான் என்று பிளெஸ்ஸி அழுதாள்.

மறுநாள் காலையில் அவன் வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பட்டியை மாட்டினான். அவள் கல்லில் எண்ணெய் தடவினாள்.

"...அசைவெட்டி எழுதின மேலப்பாளையம் இல்யாஸ் பாய்க்கு நன்றி."

மிக்ஸியின் பொத்தானுக்குப் போன கை அங்கேயே நின்றது.

"ஏல ஜோயலு! இப்பம் என்ன சொன்ன?"

அவன் திரும்பினான்.

"தெனமும் சொல்லுதியே இத! கூட்டத்துல சொன்னாத்தான் செல்லும்னு சட்டத்துல எங்கயும் இல்ல. ஒரு மனுஷன், இன்னொரு மனுஷன் முன்னால. எந்த நாளா இருந்தா என்ன, எந்த எடமா இருந்தா என்ன? நீ சொல்லியிருக்க. நான்தான் சாட்சி!"

ஜோயல் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு நேத்தே தோணிச்சு எக்கா."

"பொறவு ஏன்ல சொல்லல?"

"நீ கேக்க மாட்டியே. கேக்காத ஆள சாட்சிக்கு எப்படிக் கூப்பிட?"

பட்டியில் கோபம், வருத்தம் எல்லாம் அவ்வளவு துல்லியமாக வராது. அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவளுக்குத்தான் சுருக்கென்று தைத்தது. தோசை கருகுகிற வாசனை வந்ததும் அடுப்பை அணைத்தாள். "கேக்காம எங்க போவேன்? இந்த வீட்டுச் சுவத்துக்கே மனப்பாடமாயிருக்கும்" என்றாள், வீம்பாக.

விசாரணை அதிகாரி மெஹருன்னிசா. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எதிரில் இருப்பவர்களைப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். சொந்தகத்தின் சார்பில் சென்னையிலிருந்து அபினவ் என்ற இளம் வக்கீல் வந்திருந்தார். மரியாதையான பிள்ளை, பிளெஸ்ஸிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டதே அவர்தான்.

"பட்டி பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்குமா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல மேடம். யாரு பேசுனதையும் அது சேத்து வைக்காது. அப்படி எழுதினதனாலதான் இதப் போட்டிருக்கேன்" என்றான் ஜோயல்.

அபினவ் எழுந்தார். "மேடம், இவருக்காக எனக்கு வருத்தம்தான். ஆனால் சட்டம், ஒரு மனிதர் சொல்ல வேண்டும் என்கிறது. இங்கே சத்தம் எழுப்பியது ஒரு கருவி. ஒரு மென்பொருள் தனக்குத்தானே நன்றி சொல்லிக்கொண்டது. அதை எப்படிக் கணக்கில் எடுப்பது?"

"சார், நான் வாயசைச்சாத்தான் அது பேசும். நான் சும்மா இருந்தா அதுவும் சும்மாதான் இருக்கும்."

"இருக்கலாம். ஆனாலும் குரல் உங்களுடையது இல்லையே?"

ஜோயல், ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பேசுவது போல நிதானமாக ஆரம்பித்தான்.

"சரி சார். போன வருஷம் ஒங்க கம்பெனிப் பட்டியப் போட்டுக்கிட்டு ஒருத்தரு மேடையில ஏறி ஒரு கவுன்சிலர ஏசிட்டாரு. கவுன்சிலரு ஒங்க கம்பெனி மேலயும் வழக்குப் போட்டாரு. கோர்ட்டுல நீங்க என்ன சொன்னீங்க? ஏசுனது பட்டியா, ஆளா?"

பின்னால் உட்கார்ந்திருந்த பெயர்சொல்லிக் குழுவினரிடமிருந்து சிரிப்பு கிளம்பியது. அபினவ் தண்ணீர் குடித்தார். பொய் சொல்லத் தெரியாத முகம் அவருக்கு.

"சொல்லுங்க தம்பி. என்ன வாதம் வைத்தீர்கள்?" என்றார் அதிகாரி.

"பேசியது அவர்தான், பட்டி வெறும் கருவி என்று."

"தீர்ப்பு?"

"எங்களுக்குச் சாதகமாக வந்தது, மேடம்."

"ஏசினால் மனிதர், நன்றி சொன்னால் பட்டியா?" மெஹருன்னிசா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அவர் சொன்னார் என்று எடுத்துக்கொள்கிறேன். அடுத்தது சாட்சி."

பிளெஸ்ஸி எழுந்து நின்றாள். மேடையேறிப் பழகியவள்தான். இருந்தும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சாட்சியின் காதில் விழுந்தால் போதாது மேடம், புரிந்து கேட்டிருக்க வேண்டும்" என்றார் அபினவ். "இவர் அக்கா. நேற்றுகூட எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்து அழைத்து வந்திருக்கலாம்."

"பார்ப்போம். அம்மா, உங்க வீட்டுல காலைல என்ன நடக்கும்? அத மட்டும் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

பிளெஸ்ஸி கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் அடுப்பு வந்து எதிரில் நின்றது. "முதல்ல தசைமானி எழுதின ஹனா அம்மாவுக்கு நன்றிம்பான். அப்பம் நான் கல்லுல எண்ணெ தேச்சுக்கிட்டிருப்பேன். அடுத்து மூச்சளவி, கமலேஷு. மாவ ஊத்துவேன். அதுக்கடுத்து ஒலிச்சல்லடை. அத எழுதினவரு பேரு தெரியாது. பேர் சொல்ல விரும்பாத அன்பருக்கு நன்றிம்பான். பேரே சொல்லாதவருக்கு எதுக்குல நன்றின்னு நான் தெனமும் ஏசுவேன்." அவள் கை தன்னையறியாமல் காற்றில் ஒரு தோசையைத் திருப்பியது. "அடுத்தது அசைவெட்டி, மேலப்பாளையம் இல்யாஸ் பாய்."

"அவர் யார் என்று தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"யாருல அந்த இல்யாஸுன்னு ஒரு நாளு எரிச்சல்ல கேட்டேன். அவருக்கு ஒரு பொம்பளப் பிள்ளையாம். பேச்சு திக்குமாம். பிள்ளை சொல்லு சொல்லா, அசை அசையா வெட்டிப் பழகட்டும்னு அப்பன்காரரு எழுதினதாம் இது. பிள்ளைக்குச் சரியாயிட்டு. என் மகளுக்குப் பேச்சு வந்துட்டு, இனி வேணும்ங்கிறவங்க எடுத்துக்கோங்கன்னு பொதுவுல வச்சுட்டாராம். அவரு இப்ப இல்ல." "அந்த மனுஷன் குடுத்ததுலதான் மேடம் எந்தம்பி பேசுதான். நான் ஒரு நாளும் அவருக்கு நன்றி சொன்னதில்ல. போதும்ல, நிப்பாட்டுன்னுதான் சொல்லியிருக்கேன்."

அபினவ் அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"இல்யாஸுக்கு அப்புறம் யார், மேடம்?"

பிளெஸ்ஸி விழித்தாள். ஜோயலைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"தெரியாது சார்."

"தெரியாதா? தினமும் கேட்கிறீர்கள் என்றீர்களே?"

"அதுக்குள்ள மிக்ஸியப் போட்டுருவேன்" என்றாள். சொல்லும்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லாம் கெட்டுவிட்டது என்று நினைத்தாள்.

மெஹருன்னிசா சிரித்துவிட்டார். அதிகாரிகள் அப்படிச் சிரிக்கக் கூடாது; உடனே அடக்கிக்கொண்டார். "தம்பி, சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்திருந்தால் கடைசிவரை சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பாதியில் மிக்ஸி போட்டவங்க என்றால், வீட்டில் இருந்து கேட்டவங்கதான். போதும் என்று வேறு சொல்லியிருக்கிறார். காதில் வாங்காமல் யாரும் போதும் என்று சொல்வதில்லை. அசைவெட்டி பொதுக்களத்திலேயே இருக்கும். கோரிக்கை தள்ளுபடி."

குழுவினர் கைதட்டினார்கள். சுண்டலுக்காக வருகிற ஆள் ஒருவர் எழுந்து நின்று, யாரும் கேட்காமலே, "அசைவெட்டிக்கு நன்றி" என்று சத்தமாகச் சொன்னார். "கேட்டேன்" என்றது மொத்தக் கூட்டமும். அடுத்த மாசிவரை கவலையில்லை.

வாசலில் அபினவ் காத்திருந்தார். தோற்றுப்போனவர் மாதிரி இல்லை. "ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இல்யாஸுக்கு அப்புறம் யார் என்று உண்மையிலேயே தெரியாதா?"

"சத்தியமா தெரியாது தம்பி" என்றாள் பிளெஸ்ஸி.

வீட்டுக்குப் போகிற பேருந்தில் ஜோயலிடமே கேட்டிருக்கலாம். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், விசாரணையையே ஒரு கபடி ஆட்டமாக்கி வர்ணித்துக்கொண்டு வந்தான், முன் இருக்கைக்காரர்கள்கூடத் திரும்பிச் சிரித்தார்கள். அவளுக்குக் கேட்க வாய் வரவில்லை. இத்தனை காலம் காது கொடுக்காததை ஒரு வார்த்தையில் கேட்டு முடித்துவிடுவது சரியில்லை என்று பட்டது.

மறுநாள் காலையில் தேங்காயும் மிளகாயும் ஜாரில் போட்டு மூடி, கையைப் பொத்தானில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜோயல் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே பார்த்தபடி வாயசைத்தான். ஹனா போனார். கமலேஷ் போனார். பேர் சொல்லாத அன்பருக்கு இன்றைக்கு அவள் ஏசவில்லை. மேலப்பாளையம் இல்யாஸ் பாய்க்கு நன்றி. அவள் பொத்தானை அழுத்தவில்லை.

பட்டியின் மின்கலத்தைச் சிக்கனமாக ஓட்டுகிற ஒரு மென்பொருளுக்கும் அதை எழுதிய கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி போனது. அதற்குப் பிறகு அவன் கொஞ்சம் நிறுத்தினான்.

"கடைசியா இந்தக் குரலு. ஆஸ்பத்திரியில, நல்ல குரலு கெடைக்கணும்னா நெறைய பதிவு வேணும்னாங்க. எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நாங்குநேரி, சாத்தான்குளம், வள்ளியூருன்னு நான் மைக்குப் பிடிச்ச ஊருக்கெல்லாம் பஸ்ஸு ஏறிப் போயி, தெரியாத வீட்டுக் கதவத் தட்டி, ஒங்க போனுல எந்தம்பி பேசுனது இருக்கான்னு கேட்டு வாங்கியாந்தா. செத்த வீடுன்னுகூடப் பாக்காம ஒரு எடத்துல கேட்டுட்டு ஏச்சு வாங்கினா. அவ கொண்டாந்ததுதான் இந்தக் குரலு. எங்கக்கா பிளெஸ்ஸிக்கு நன்றி."

சொல்லி முடித்த பிறகுதான் வீட்டில் சத்தமே இல்லை என்பது அவனுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தான். கபடி மைதானத்தில் ஆயிரம் பேருக்கு முன்னால் கூசாதவன் காது சிவக்க நின்றான்.

"தெனமும் இதச் சொல்லுதியால?" என்றாள்.

"தெனமும்தான். நீ மிக்ஸி போட்ட பொறவு. எனக்கும் அது தோதாத்தான் இருந்துச்சு எக்கா."

கல்லில் தோசை புகைந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. பிளெஸ்ஸி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏதாவது ஏசலாம் என்று பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. சமுதாயக் கூடத்தில் எத்தனையோ பேரைச் சொல்ல வைத்த அந்த ஒரே வார்த்தைதான் வந்தது.

"கேட்டேன்" என்றாள்.